கேமுக்குக் குரல் பதிவு: சென்னையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சாலிகிராமத்தில் டப்பிங் தியேட்டர்களில் சவுண்ட் எடிட்டராக இருந்துவிட்டு, இப்போது சொந்தக் காசில் வீடியோ கேம் செய்யும் சின்னக் குழுக்களுக்குக் குரல் பதிவு செய்து கொடுக்கிறேன். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து இரவு பகலாக உழைக்கும் குழுக்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாதிச் சந்தேகங்கள் "படத்துக்கு டப்பிங் பண்ற மாதிரிதானே" என்ற நினைப்பில் பிறப்பவை. படத்தில் ஒரு வசனம் ஒரே இடத்தில் வரும். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கேமில் அதே வசனம் நூறு முறை ஒலிக்கலாம், எதை அடுத்து ஒலிக்கும் என்பது எழுதியவருக்கே தெரியாது. கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்திலிருந்து வருகிறது.

வீட்லயே ரெக்கார்ட் பண்ணலாமா, இல்ல ஸ்டூடியோ எடுத்தே ஆகணுமா?

வீட்டிலேயே பண்ணலாம். ஆனால் கடைசி வரை ஒரே அறை, ஒரே மூலை, ஒரே மைக் என்று இருக்க வேண்டும். பாதி வசனம் வீட்டில், மீதி ஸ்டூடியோவில் என்று எடுத்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் ஹாலிலிருந்து பெட்ரூமுக்குப் போய்விட்டது போலக் கேட்கும். முக்கியப் பாத்திரங்களை இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றால் ஸ்டூடியோ எடுங்கள். வசனம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, மாதாமாதம் நாலு வரி சேரும் என்றால் வீட்டு மூலைதான் நல்லது.

என்ன மைக் வாங்கலாம் அண்ணா? ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முதலில் அறை, பிறகு மைக். ரோடு என்டி1 போன்ற கண்டென்சர் மைக் (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) தன் சொந்த இரைச்சலாக வெறும் 4.5 டெசிபல்தான் சேர்க்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 சுமார் 20 டெசிபல் சேர்க்கும். ஆனால் உங்கள் அறையின் இரைச்சலே 35, 40 டெசிபல் இருந்தால் இந்த வித்தியாசம் உங்கள் காதுக்கு எட்டவே எட்டாது.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) கொடுக்கும் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி, தேவை என்பதை மறக்காதீர்கள். தெருவோர வீடு, சத்தத்தைத் தடுக்க வழியே இல்லை என்றால் ஷூர் எஸ்எம்58 போன்ற, தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பேசுவது பல நேரம் நல்ல பலன் தரும்.

சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டினா வெளிச்சத்தம் நிக்குமா?

நிற்காது. வெளிச்சத்தத்தை நிறுத்த எடையும் அடைப்பும் வேண்டும். முட்டை அட்டைக்கு எடையே கிடையாது. உள்ளே அடிக்கும் எதிரொலியையும் அது கொஞ்சம்தான் குறைக்கும்.

நம் ஊர் வீடுகளில் டைல்ஸ் தரை, கான்கிரீட் மேல்தளம், சிமென்ட் சுவர் என்று எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை எடுங்கள். இரண்டைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் 'ட' மாதிரி நிறுத்துங்கள், ஒன்றைத் தரையில் போடுங்கள், மைக்குக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைக் கொடிக்கயிற்றில் தொங்க விடுங்கள். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டொய்ங்' என்ற வால் இல்லாமல் சத்தம் அங்கேயே செத்தால் அறை தயார்.

ஃபேனை நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல வேர்த்துக் கொட்டுது. என்ன பண்றது?

ஃபேனையும் ஏசியையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ரெக்கார்டிங்குக்கு அரைமணி முன்பு ஏசியை நன்றாக ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் எடுங்கள். பிறகு பத்து நிமிட இடைவேளை, மறுபடி ஏசி. அக்னி நட்சத்திரத்தில் நடிகரை வியர்க்க வைத்து வாங்கும் டேக்கில் அவசரம் தெரியும். அந்த அவசரம் கேம் முழுக்கக் கேட்கும்.

நேரமும் முக்கியம். பகலில் தண்ணீர் லாரி, வெங்காயம் விற்கும் வண்டியின் ஸ்பீக்கர், மெட்ரோ வேலை, மாடியில் மோட்டார். பல்லாவரம், பொழிச்சலூர், நங்கநல்லூர் பக்கம் என்றால் விமானமும் சேர்ந்துகொள்ளும். ஆடி மாதம் முழுக்கக் கோவில் மைக். என் அனுபவத்தில் இரவு பதினொன்றரைக்கு மேல், காக்கா கத்தத் தொடங்கும் முன் கிடைக்கும் நேரம்தான் தங்கம். நாய் குரைத்தால் காத்திருங்கள். "அப்புறம் எடுத்துடலாம்" என்று நாய்க் குரலோடு டேக்கை ஓகே செய்யாதீர்கள்.

ரெக்கார்டிங் செட்டிங்ஸ் என்ன?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் ஃபைல். சாதாரணப் பேச்சில் மீட்டர் மைனஸ் 18 டெசிபலை ஒட்டி நிற்க வேண்டும், உச்சத்தில் மைனஸ் 10-ஐத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் மெதுவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம், மேலே முட்டி உடைந்ததைச் சரி செய்ய முடியாது. ஒரு நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி ஆகும், டிஸ்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு செஷனிலும் யாரும் பேசாமல் முப்பது விநாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் அது பலமுறை கை கொடுக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். இடையில் நாலு விரல் தள்ளி பாப் ஃபில்டர் ('ப' சொல்லும்போது அடிக்கும் காற்றைத் தடுக்கும் வலை). தூரம் பாதியானால் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் ஏறிவிடும். அதனால் தரையில் சாக்பீஸால் கால் வைக்கும் இடத்தை வரைந்துவிடுவேன்.

சினிமா டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டையே கூப்பிட்டா வேலை சுலபமா முடியுமா?

திறமை, வேகம், குரல் கட்டுப்பாடு எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் திரையில் வாயைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள். படமே இல்லாமல் வெறும் காகிதத்தைக் கொடுத்தால், இல்லாத உதட்டசைவுக்கு வேகமாக ஓடுவார்கள். "லிப் சிங்க் கிடையாது, நேரம் உங்க கையில" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் தேடுவது வானொலி நாடகத்தில் பேசியவர்களை. சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. அந்த மரபில் வளர்ந்தவர்களுக்கு ஆளே தெரியாமல், குரலால் மட்டும் ஒரு மனிதரை நிறுத்தத் தெரியும். கேமுக்கு வேண்டியது அதுதான். அடுத்து மேடை நாடகக்காரர்கள். 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களால் இந்த ஊரில் நவீன நாடகம் பழகியவர்கள் நிறையவே உண்டு. மேடைக்குப் பேசுபவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவார்கள். ஒரு சாண் தூரத்தில் காது இருக்கிறது என்று இரண்டு முறை நினைவூட்டினால் போதும்.

ஸ்கிரிப்டை வேர்டு ஃபைலா அனுப்பிட்டா போதுமா?

போதாது. ஸ்ப்ரெட்ஷீட்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஃபைல் பெயர், பாத்திரம், வசனம், யாரிடம் பேசுகிறார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கலாம் என்று கட்டங்கள் இருக்கட்டும். ஃபைல் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் ஏதாவது ஒரு கருவி நடுவில் சொதப்பும்.

'சற்று முன் என்ன நடந்தது' என்ற கட்டம்தான் உயிர். ஒருமுறை ஷீட்டில் "கதவு பூட்டியிருக்கு" என்று மட்டும் இருந்தது. பேச வந்த அம்மா அதை அலுப்போடு சொன்னார், வீட்டில் சாவி தொலைந்த மாதிரி. அழகான டேக். ஆனால் கேமில் அந்தக் கதவுக்குப் பின்னால் அந்தப் பாத்திரத்தின் தம்பி இருக்கிறான், வெளியே வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், ஒரு மூச்சு எடுத்தார், அதே இரண்டு சொல்லைக் கிசுகிசுப்பாகச் சொன்னார். "பூட்டி" என்பதில் குரல் லேசாக உடைந்தது. அறையில் இருந்த மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ஒற்றை வரித் தகவல் ஷீட்டில் இருந்திருந்தால் முதல் டேக்கே அதுவாக இருந்திருக்கும்.

எழுத்துத் தமிழ்ல எழுதிக் கொடுத்தா அவங்களே பேச்சுத் தமிழா மாத்திக்க மாட்டாங்களா?

மாற்றிக்கொள்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. ஒருவர் "வந்துட்டிருக்கேன்" என்பார், ஒருவர் "வந்துகிட்டு இருக்கேன்" என்பார். ஒரே பாத்திரம் ஒரு காட்சியில் ஒன்றும் அடுத்ததில் மற்றொன்றும் பேசும். சப்டைட்டில் வேறெங்கோ நிற்கும். அதனால் பேசுவது எப்படியோ அப்படியே எழுதுங்கள், பாத்திரம் வடசென்னையா, நெல்லையா, கோவையா என்று முடிவு செய்து அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். பேச வந்தவர் இதைவிட நல்ல சொல்லைச் சொன்னால் ஏற்றுக்கொண்டு, அந்த நிமிடமே ஷீட்டில் திருத்துங்கள்.

பிளேயர் பேரு, நம்பர் எல்லாம் தனியா எடுத்து வசனத்துல ஒட்டிக்கலாமா?

தமிழில் இது பெரிய கண்ணி. "__க்கு ஒரு கடிதம் வந்திருக்கு" என்று ஒரு துண்டு, பெயர் ஒரு துண்டு என்று எடுத்தால் மணி மட்டும்தான் தப்பிப்பான். ராஜாவுக்கு, கண்ணனுக்கு, மலருக்கு என்று ஒவ்வொன்றும் வேறு வேறாக முடியும். எண்ணும் அப்படியே. 'இருபது' பின்னால் மூன்று வந்தால் 'இருபத்தி'. 'நூறு', 'நூத்தி' ஆகிவிடும். பெயரைக் குரலில் சொல்லாமல் திரையில் எழுத்தாகக் காட்டுங்கள். குரல் "உங்களுக்கு ஒரு கடிதம்" என்று சொல்லட்டும்.

விளையாடுபவர் ஆணா பெண்ணா என்பதைத் தேர்வு செய்யும் கேம் என்றால் இன்னொரு சிக்கல். "வந்துட்டான்", "வந்துட்டா" என்று மற்ற பாத்திரங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் இரண்டாகும். அதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது: "வந்துட்டாங்க". மரியாதையும் கிடைக்கும், பால் வேறுபாடும் தேவைப்படாது. முறைத்துக்கொள்ளும் எதிரி "வந்துட்டாங்க" என்றால் பொருந்தாதே என்றால், அங்கே "வந்தாச்சா?" என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒரு லைனுக்கு எத்தனை டேக் எடுக்கணும்?

கதை வசனத்துக்கு ஓகே ஆன டேக் ஒன்று, அதோடு கைவசம் ஒன்று. திரும்பத் திரும்ப ஒலிக்கும் வரிகளுக்கு ("யாருப்பா அங்க?", "சாவி இல்ல") குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றும் உண்மையிலேயே வேறாக. ஐந்தும் ஒரே ராகத்தில் இருந்தால் ஐந்து எடுத்தும் பயனில்லை. சொற்களையே மாற்றி எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. இன்ஜினில் (கேமை இயக்கும் மென்பொருளில்) முன்பு ஒலித்தது உடனே திரும்ப வராமல் மாற்றி மாற்றி ஒலிக்கும்படி வையுங்கள்.

கத்துறது, அடி வாங்குறது, சாகுறது... இதெல்லாம் எப்போ எடுக்கறது?

கடைசியில். எப்போதும் கடைசியில். தொண்டை கட்டிய பிறகு மென்மையான காட்சி எடுக்க முடியாது. தொடர்ந்து கத்தினால் குரல் நாண்களுக்குக் காயம் ஏற்படும். அமெரிக்காவில் 2016-17-இல் குரல் நடிகர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு கோரிக்கை. நான் அரைமணிக்கு மேல் கத்த விடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். செஷனுக்கு முன் ஃபில்டர் காபி வேண்டாம், பால் சேர்ந்தால் வாயில் பசை கூடி 'சப்சப்' என்று கேட்கும். கத்தும்போது நடிகரைப் பின்னால் தள்ளாதீர்கள், மைக் கெயினை, அதாவது பதிவாகும் அளவை, குறையுங்கள். தள்ளினால் அறைச் சத்தம் மாறிவிடும்.

இன்னொன்று, கண்ணாடி வளையல், கொலுசு, பட்டுப்புடவை மூன்றும் மைக்கில் தனியாகப் பேசும். பருத்தி உடுத்தி வரச் சொல்லுங்கள்.

எடிட்டிங்கை எதுல, எங்கேருந்து ஆரம்பிக்கறது?

ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம். நான் ரீப்பர் பயன்படுத்துகிறேன். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், சிறியவர்களுக்கான உரிமம் 60 டாலர். ஒவ்வொரு வரியையும் ரீஜனாக (தனித் துண்டாக)க் குறித்து, ஷீட்டில் உள்ள பெயரையே அதற்கு வைத்து, நூற்றுக்கணக்கான ஃபைல்களை ஒரே அழுத்தத்தில் வெளியே எடுக்கலாம்.

முதலில் தேர்வு, பிறகு வெட்டு, பிறகுதான் சுத்தம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், லாரி உறுமல் போகும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு 100, 150 என்று மேலேயும் வால் இருக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தால் பல நேரம் அது வராமலே போகும். இரைச்சல் நீக்கியை 6, 8 டெசிபலுக்கு மேல் இழுக்காதீர்கள். என் முதல் கேமில் முழுசாக இழுத்துவிட்டேன். கதாநாயகி கேம் முழுக்கத் தண்ணீருக்குள்ளிருந்து பேசினாள், அசல் ஃபைல்களின் மேலேயே சேமித்திருந்ததால் திரும்பவும் எல்லோரையும் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அசலை இரண்டு டிஸ்க்கில் வைக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

ஃபைலின் தொடக்கத்தில் வெறுமை இருக்கக் கூடாது. பட்டனை அழுத்தினதும் குரல் வர வேண்டும். முன்னும் பின்னும் 5 முதல் 10 மில்லிவிநாடி ஃபேடு (சத்தம் மெல்ல ஏறுவது, இறங்குவது) போடுங்கள், 'டிக்' சத்தம் வராது.

மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டிடலாமா?

வசனத்துக்கு முன் வரும் மூச்சை வெட்டலாம், மேலே சொன்ன தாமதம்தான் காரணம். நடுவில் வருவதை விடுங்கள், சத்தமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள். மூச்சே இல்லாத மனிதக் குரல் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

எல்லா ஃபைலையும் நார்மலைஸ் பண்ணிட்டேன், ஆனாலும் ஒருத்தர் சத்தமாவும் ஒருத்தர் மெதுவாவும் கேக்குது. ஏன்?

நீங்கள் சமன் செய்தது உச்சத்தை. காது கேட்பது சராசரி அடர்த்தியை. அதை அளக்கும் அலகு எல்.யூ.எஃப்.எஸ். பிளேஸ்டேஷன் செய்யும் சோனியின் பரிந்துரை, மொத்த கேமும் டிவியோடு இணைக்கும் கன்சோலில் மைனஸ் 23, கையடக்கக் கருவியில் மைனஸ் 18 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்பது. ஆனால் எல்.யூ.எஃப்.எஸ். மீட்டர் 400 மில்லிவிநாடித் துண்டுகளாக அளப்பது. அரை விநாடி 'ஆ!' என்பதற்கு அதை நம்ப முடியாது. ஒரு பாத்திரத்தின் ஒரு நல்ல வரியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துக் காதால் சரி செய்யுங்கள். கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே இருக்கட்டும், அதைக் கத்தலின் அளவுக்கு ஏற்றாதீர்கள்.

குகைக்குள்ள பேசுற மாதிரி எக்கோவை ஃபைல்லயே போட்டுடலாமா?

வேண்டாம். ஃபைல் எக்கோ எதுவும் சேராமல் காய்ந்ததாகவே இருக்கட்டும். குகை, கிணறு, போன் எல்லாவற்றையும் இன்ஜினிலோ எஃப்மாட் போன்ற கேம் ஒலிக் கருவியிலோ சேர்க்கலாம். நாளைக்கு அதே வரி மொட்டைமாடியில் வர வேண்டும் என்று உங்கள் டிசைனர் சொல்வார்.

நாலு மாசம் கழிச்சு பத்து லைன் மாறிடுச்சு. ஒட்ட மாட்டேங்குது!

இது எல்லோருக்கும் வரும். முதல் நாளே மைக், பாப் ஃபில்டர், மெத்தை, சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், கெயின் எண்ணைக் குறித்து வையுங்கள். மறுபடி வரும்போது நடிகருக்கு அவருடைய பழைய மூன்று வரிகளைப் போட்டுக் காட்டிவிட்டு, அவற்றையே ஒருமுறை பேசச் சொல்லுங்கள். பழையதும் புதியதும் ஒட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் புது வரிக்குப் போக வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு எடுக்காதீர்கள், தேதியைத் தள்ளுங்கள்.

தெரிஞ்சவங்கதான் பேசறாங்க. எழுத்துல எதுக்கு?

தெரிந்தவர்களோடுதான் அவசியம் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நடிப்பவருக்கு உரிமை கொடுக்கிறது, 50 ஆண்டுகளுக்கு. அந்த உரிமையை மாற்றித் தருவதற்கும் பொருந்தும் 19-ஆம் பிரிவில் இரண்டு விஷயங்கள் உள்ளன: காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் கேமோ உலகம் முழுக்க, எத்தனையோ ஆண்டு விற்கப்போகிறது. ஒரு பக்கம் போதும்: எந்த கேம், எவ்வளவு காலம், எந்த நாடுகள், தொகை, டிரெய்லரில் பயன்படுத்தலாமா, கிரெடிட்டில் பெயர் எப்படி வரும். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டப்பிங் சங்க உறுப்பினர் என்றால் அவர்களுடைய கால்ஷீட் விதிகளை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தொகையை அன்றைக்கே கொடுங்கள்.

ஏஐ குரல் வெச்சா இந்தத் தொல்லையே இல்லையே, சார்?

தற்காலிகமாக, வசனத்தின் நீளமும் ஓட்டமும் பார்க்கப் பயன்படுத்துங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. வெளியிடும் கேமில் வைத்தால் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் அதைச் சொல்லியாக வேண்டும், 2024 ஜனவரி முதல் அது விதி. ஒருவரின் பதிவை எடுத்து அவர் குரலைப் போலி செய்வது முற்றிலும் வேறு விஷயம். அமெரிக்கக் குரல் நடிகர்கள் 2024 ஜூலை 26 முதல் ஏறத்தாழ ஓராண்டு கேம் வேலையை நிறுத்தியதே இதற்காகத்தான். மேலே சொன்ன ஒரு பக்க ஒப்பந்தத்தில் "இந்தப் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்க மாட்டோம்" என்று ஒரு வரி சேருங்கள். நான் அதை வாசித்துக் காட்டியபோது, கதவு வசனம் பேசிய அந்த அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த தடவை பத்து வரியா இருந்தாலும் கூப்பிடுங்க தம்பி, நானே வந்து பேசறேன்" என்றார்.